தம்பியிடம் சொல்லாதது

மார்ச் 4, செவ்வாய்

தொண்டை கட்டிக்கொண்டது. காலையிலிருந்து மாலை வரை இரண்டு தரப்புக்கும் சேர்த்துப் பேசினால் கட்டாமல் என்ன செய்யும்.

இன்றும் அமைச்சகத்தின் நான்காவது மாடிதான். வாசலில் ஒருவர் பிளாஸ்டிக் தட்டை நீட்டுகிறார், செல்போனை அதில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். ஜன்னல் கண்ணாடிகளில் வெள்ளைக் காகிதம் ஒட்டிவிட்டார்கள். யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் நான்காவது மாடியில்? புறாதான் பார்க்க வேண்டும்.

எரிசக்தித் துறையில் ஒப்பந்த மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து பதினெட்டு வருடமாகிறது. வெளிநாட்டுக்காரர் பேசுவதை நம் மொழியில் சொல்ல வேண்டும், நம்மவர் பேசுவதை அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும், சொந்தச் சரக்கு எதையும் நடுவில் சேர்க்கக் கூடாது. கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று சேர்ந்த அன்றே உறுதிமொழி கொடுத்திருக்கிறேன். இதுவரை அதனால் ஒரு சிரமமும் வந்ததில்லை. டர்பைன் பழுது, கம்பி விலை, நிலக்கரி ஈரம்... வீட்டில் சொன்னாலும் யார் கேட்பார்கள்? என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, இவர் இரண்டாவது வாக்கியத்திலேயே குறட்டை விட்டுவிடுவார்.

இந்தத் தடவை வந்திருப்பது ஓர் எரிவாயு நிறுவனம். பெரிய மின்நிலையம் கட்டித் தருகிறார்களாம். அவர்களின் தலைவர் அவ்வளவு மெல்லப் பேசுகிறார், பாதி நேரம் அவர் வாயைப் பார்த்துத்தான் நான் பிடிக்க வேண்டியிருக்கிறது. மெல்லியகுரல் என்று பெயர் வைத்துவிட்டேன். அவருக்குப் பக்கத்தில் ஒருவர், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு சின்ன இருமல். அவர் இருமல். முகங்கள் எனக்கு மறந்துவிடும். குரல் மறக்காது.

வீட்டுக்கு வந்தால் தெருவே இருட்டு. இவருடைய மருந்துக்கடையில் மட்டும் வெளிச்சம். போன வருடம் தம்பி கடை மாடியில் சூரியத் தகடு போட்டுக் கொடுத்ததிலிருந்து இவருக்குக் குளிர்பெட்டிக் கவலை விட்டது. "என் மச்சான் சூரியனைக் கடைக்கு வேலைக்கு வச்சிருக்கான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்கிறார்.

மார்ச் 7, வெள்ளி

இன்று ஒரு வேடிக்கை. நம் தரப்பு அதிகாரிகள் மட்டும் கூடும் கூட்டம். வெளிநாட்டு ஆலோசகர் ஒருவர் வருகிறார், கொள்கை வரைவதில் அரசுக்கு உதவப் போகிறார், எனவே நீங்களும் இருங்கள் என்றார்கள். தலை குனிந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். ஓர் இருமல் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தால் அவரேதான். செவ்வாய்க்கிழமை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். நம் செயலாளருக்குப் பக்கத்து நாற்காலி. அரசு ஆலோசகர் என்று அட்டை தொங்குகிறது.

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் பென்சிலைப் பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

தம்பி குடும்பத்தோடு சாப்பிட வந்தான். கை கழுவிக்கொண்டே சொன்னான், என்னவோ மழை வரும்போல இருக்கிறது என்பதுபோல:

"அக்கா, வேலைய விட்டுறலாம்னு இருக்கேன்."

மின்சார அலுவலகத்தில் லைன் வேலை அவனுக்கு. நிரந்தர வேலை, ஓய்வூதியம் உள்ள வேலை. விடுமுறை நாட்களில் மட்டும் வீடுகளுக்குச் சூரியத் தகடு பொருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தான். இப்போது ஆட்கள் வரிசையில் காத்திருக்கிறார்களாம். மாத முடிவில் எழுதிக் கொடுத்துவிட்டு முழுநேரமும் இதுவே என்கிறான்.

"உன்ன மாதிரி யோசிச்சிட்டே இருந்தா நானும் கம்பத்துலயே தொங்க வேண்டியதுதான்" என்றான். தம்பி மனைவி சிரித்தாள். இவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். கூரைத் தகடு என்ற சொல் இந்த வாரக் கூட்டங்களில் இரண்டு தடவை வந்தது. எதற்கு வந்தது என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

மார்ச் 11, செவ்வாய்

கூட்டம். தொண்டைக்கு வெந்நீர்.

மார்ச் 14, வெள்ளி

தெரிந்துவிட்டது.

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன், எழுதினாலாவது நிதானம் வருமா என்று.

மெல்லியகுரல் சொன்னார்: "வீட்டுக்கு வீடு கூரையில் தகடு போட்டுக்கொண்டே போனால், நாங்கள் தயாரிக்கும் மின்சாரத்தை யார் வாங்குவது?" அதை நான் நம் மொழியில் சொன்னேன். நான் எப்போதும் அவர்களின் இடத்திலிருந்துதான் பேச வேண்டும். "நாங்கள்" என்றுதான் சொன்னேன். நாங்கள் தயாரிக்கும் மின்சாரம்.

அவர்கள் கேட்பது இரண்டு. மின்நிலையத்தின் மின்சாரத்தை நாடு எடுத்துக்கொண்டாலும் எடுக்காவிட்டாலும் இருபத்தைந்து வருடத்துக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். இது ஒன்று. கூரையில் தகடு வைத்திருக்கிற ஒவ்வொரு வீடும் கடையும் மாதாமாதம் கட்டணம் கட்ட வேண்டும், மிச்சமாகும் மின்சாரத்தைச் சும்மா கொடுத்துவிட வேண்டும். இது இன்னொன்று. இப்படி ஒரு விதி வந்துவிட்டால் புதிதாக எவன் தகடு போடுவான்? போட்டவனே கழற்றிவிடுவான்.

நம் செயலாளர் மறுத்துப் பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் தண்ணீர் குடித்தார். பிறகு, "வரைவு எப்போது கிடைக்கும்?" என்றார்.

இருமல் மடிக்கணினியைத் திறந்தார். வரைவு தயாராக இருந்தது. அவர்கள் மொழியில் ஒவ்வொரு வரியாகப் படித்தார், நான் ஒவ்வொரு வரியாக நம் மொழியில் சொன்னேன், ஓரத்தில் உட்கார்ந்திருந்த தட்டச்சுக்காரப் பெண் அடித்துக்கொண்டே வந்தாள். இந்த நாட்டின் புதிய எரிசக்திக் கொள்கை அப்படித்தான் நம் மொழிக்கு வந்து சேர்ந்தது. என் வாய் வழியாக. ஓர் இடத்தில் "சுமையைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் நோக்கில்" என்றேன். செயலாளர் கையை உயர்த்தி, "சமமாக வேண்டாம், நியாயமாகன்னு போடுங்க, கேக்க நல்லாருக்கும்" என்றார். முழு வரைவிலும் நம் அரசு செய்த திருத்தம் அது ஒன்றுதான்.

கடைசியில் அமைச்சர் வந்து எல்லோரிடமும் கை குலுக்கினார். எனக்கும் கை கொடுத்தார். யார் என்று தெரியாமல் கொடுத்திருப்பார்.

தம்பி மாத முடிவில் எழுதிக் கொடுக்கப் போகிறான்.

மார்ச் 16, ஞாயிறு

தம்பி வீட்டுக்குப் போனேன். முன்னறை முழுக்கத் தகடுகள் சாத்தி வைத்திருந்தான், சோபாவில் உட்கார இடமில்லை. காரணம் சொல்லாமல் எப்படிப் பேச்சை எடுப்பது? ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாமே என்றேன்.

"எதுக்கு?"

"சும்மாதான். அவசரம் என்ன?"

"காரணம் சொல்லு, பொறுக்கிறேன்."

காரணம் சொல்ல முடியவில்லை. விதிகள் மாறலாம், அரசாங்கம் இன்றைக்கு ஒன்று சொல்லும் நாளைக்கு ஒன்று சொல்லும் என்று பொதுவாக எதையோ உளறினேன். சொல்லச் சொல்ல அவன் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"உனக்கு என்மேல நம்பிக்கை இல்ல. அதை நேரா சொல்லிட்டுப் போயேன்" என்றான்.

அப்படி இல்லடா. அப்படி இல்லவே இல்ல. நீ நல்லா செய்வேன்னு தெரியும், அதனாலதான்டா உன்ன மாதிரி ஆளுங்களப் பார்த்து அவங்க பயப்படுறாங்க. இதச் சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டு வந்துட்டேன்.

பேருந்தில் திரும்பி வரும்போது யோசித்தேன். சொன்னால் என்ன ஆகும்? வேலை போகும், வழக்கு வரும், சிறைகூட இருக்கலாம். அவனுக்கு ஒரு நண்பர் வட்டம் இருக்கிறது, எல்லாம் லைன் ஆட்கள், அங்கே ஒரு வார்த்தை விழுந்தால் மறுநாள் நகரம் முழுக்கப் போய்விடும். எங்கிருந்து வந்தது என்று தேட அவர்களுக்கு அரை மணி நேரம் போதும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் நான் பயந்தவள் என்பதும் உண்மை.

மார்ச் 20, வியாழன்

இவரிடமும் சொல்லவில்லை. "முகம் ஏன் இப்படி இருக்கு, ஆபீஸ்ல யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்றார். நாள் முழுக்க எல்லோரும் சொல்வதைத்தான் கேட்கிறேன் என்றேன்.

மார்ச் 31, திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டான். அலுவலகத்தில் மாலை போட்டுப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். பெரிய சிரிப்பு. நான் ஒரு வாழ்த்து அனுப்பினேன். அனுப்பிவிட்டுக் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

தம்பி ஓர் இடம் பிடித்துவிட்டான், பழைய தச்சுப் பட்டறை. இரண்டு பேரை வேலைக்கு வைத்திருக்கிறான். தம்பி மனைவி போனில், "அக்கா, இப்பல்லாம் சாப்பிடக்கூட நேரமில்ல இவருக்கு" என்றாள். அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

மே 6, செவ்வாய்

இன்று அறிவித்தார்கள்.

தொலைக்காட்சியில் அமைச்சர். நாட்டின் நிபுணர்கள் மட்டுமே உட்கார்ந்து தயாரித்த கொள்கையாம். எந்த நிறுவனத்துடனும் பேசவில்லையாம். ஒரு நிருபர், எரிவாயு நிறுவனத்தின் ஆட்கள் அமைச்சகத்துக்கு வந்து போனார்களா என்று கேட்டார். "யாரும் வரல. வந்திருந்தா உங்களுக்குத் தெரியாமலா போகும்?" எல்லோரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் தம்பி கடைக்கு வந்தான். கையில் செய்தித்தாள். இவர் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார், நான் பின்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நின்றபடியே எனக்குப் படித்துக் காட்டினான்.

"சுமையை நியாயமாகப் பகிர்ந்துகொள்ளும் நோக்கில். கேட்டியாக்கா? என் கழுத்தை அறுக்கிறதுக்கு எவ்வளவு அழகா எழுதியிருக்கான் பாரு."

அவன் படிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து என் முகத்தைப் படித்துப் பழகியவன்.

"அன்னிக்கு ஆறு மாசம் பொறுன்னு சொன்ன."

"ஆமா."

"உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். அமைச்சரே சொல்கிறார், எனக்கு என்ன? ஆனால் முடியவில்லை.

"தெரியும்" என்றேன்.

அவன் செய்தித்தாளை மடித்தான். நான்காக மடித்து, இன்னும் ஒரு தடவை மடித்து, மருந்துப் பெட்டிமேல் வைத்தான். "மாமா, வரேன்" என்று இவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

மே 7, புதன்

அழைத்தேன். எடுக்கவில்லை.

மே 11, ஞாயிறு

எடுக்கவில்லை. தம்பி மனைவி எடுத்தாள். "அவரு வெளிய போயிருக்காருக்கா" என்றாள். பின்னால் அவன் குரல் கேட்டது, யாரிடமோ ஏணி பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அதுவும் தெரியும் அவளுக்கு, எனக்குக் கேட்டது என்று.

ஜூன் 13, வெள்ளி

இவர் தம்பியின் பட்டறைக்குப் போய் வந்தார். போட வேண்டிய வேலைகளில் முக்கால்வாசி ரத்தாகிவிட்டது. போட்டவர்கள் கழற்றச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வேலைக்கு வைத்த இருவரையும் அனுப்பிவிட்டான். பழைய வேலையைத் திரும்பக் கேட்டிருக்கிறான், அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

"என்னப் பத்தி ஏதாவது கேட்டானா?" என்றேன்.

"கேட்டான். தொண்டை எப்படி இருக்குன்னு கேட்டான்" என்றார் இவர். பொய். எனக்காகச் சொன்ன பொய். வைத்துக்கொண்டேன்.

எங்கள் கடைக்கும் கட்டணச் சீட்டு வந்துவிட்டது. இவர் கட்டிவிட்டு வந்து, "சூரியன் சம்பளம் கேக்குது" என்றார். சிரிப்பு வரவில்லை இருவருக்கும்.

ஜூலை 3, வியாழன்

கடைக்கு ஒரு பெண் வந்தாள். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். தலைவலி மாத்திரை வாங்கினாள். வாங்கிவிட்டு, என்னிடம் பேச வேண்டும் என்றாள். மின்நுகர்வோர் சங்கத்தின் வழக்கறிஞர். கொள்கையை எதிர்த்து வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

என்னை எப்படிக் கண்டுபிடித்தாய் என்றேன்.

"அந்தக் கம்பெனிக்காரங்களுக்கு நம்ம பாஷை தெரியாது. நம்ம அமைச்சருக்கு அவங்க பாஷை தெரியாது. பேச்சே நடக்கலன்னு அரசாங்கம் சொல்லுது. நடந்திருந்தா யாராவது ஒருத்தர் நடுவுல உக்காந்திருக்கணும் இல்லையா? துறையில மூணு மொழிபெயர்ப்பாளர்தான். மத்த ரெண்டு பேரும் அந்த மாசம் வேற ஊர்ல இருந்திருக்காங்க."

இவ்வளவு எளிதா. ஜன்னலுக்குக் காகிதம் ஒட்டினார்கள், என்னை மறந்துவிட்டார்கள்.

எதுவும் சொல்ல முடியாது என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. "நீதிமன்றம் கூப்பிட்டா சொல்லலாம். அதுக்கு உறுதிமொழி தடையில்ல. ஆனா நீங்க வரலன்னு சொன்னா நான் உங்க பேரைக் கொடுக்க மாட்டேன். விருப்பமில்லாத சாட்சி எனக்கு உதவாது" என்றாள். மாத்திரை ஒன்றைத் தண்ணீரில்லாமலே விழுங்கினாள். அவளும் சோர்ந்துதான் இருந்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலிலிருந்து கடைசிவரை. கேட்டு முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. குறட்டையும் விடவில்லை.

"வேலை போகும்" என்றேன்.

"கடை இருக்கு."

"வழக்குப் போடுவாங்க."

"போட்டா பாத்துக்கலாம்." பிறகு, "ஒண்ணு மட்டும் கேக்கிறேன். தம்பி திரும்பப் பேசணும்னு போறியா? அவன் பேசலன்னா என்ன பண்ணுவ?"

அவனுக்காகவா? ஆமாம். அவனுக்காக மட்டுமா? அந்த வரைவு என் குரலில் இருக்கிறது. யாரோ எழுதி யாரோ கையெழுத்துப் போட்டதுதான், ஆனாலும் நம் மொழியில் அதை முதலில் சொன்ன வாய் என்னுடையது. ஊர் முழுக்க என் வாக்கியங்களால் தகடுகளைக் கழற்றுகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஜூலை 9, புதன்

வழக்கறிஞருக்கு அழைத்துச் சரி என்றேன். சொன்னதும் பயம் வந்தது. சொல்வதற்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அழைப்பாணை அலுவலகத்துக்கே வந்துவிட்டது. செயலாளர் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். பதினெட்டு வருடத்தில் அவர் அறையில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. கத்துவார் என்று நினைத்துப் போனேன். கத்தவில்லை.

"நீங்க அங்க கேட்டது எதுவும் உங்களோடது இல்லம்மா. தண்ணி போற குழாய் மாதிரி. குழாய் சாட்சி சொல்லுமா?"

அழைப்பாணையை என் பக்கம் தள்ளினார்.

"எனக்கு மட்டும் பிடிச்சா செஞ்சேன்? தினமும் கரண்ட் போகுது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணித் திட்டுறாங்க. நமக்குன்னு மின்நிலையம் கட்ட நம்மகிட்ட எதுவும் இல்ல, கட்ட வர்றவன் அவன் ஒருத்தன்தான். அவன் சொல்ற நிபந்தனைக்கு மறுத்தா எழுந்து போயிடுவான். வேற வழி இருந்தா சொல்லுங்க, இப்பவே கிழிச்சுப் போடுறேன்."

இதில் பொய் இல்லை. அதுதான் கஷ்டம்.

"அப்ப அதை வெளிப்படையா சொல்லியிருக்கலாமே சார். இப்படி ஒரு நெருக்கடி, இவங்க இதைக் கேக்கிறாங்க, நாங்க ஒத்துக்கிறோம்னு. ஜனங்க திட்டியிருப்பாங்க. ஆனா வேலைய விடறவன் யோசிச்சு விட்டிருப்பான்."

அவருக்கு என் தம்பி கதை தெரியாது. யாரைச் சொல்கிறேன் என்று புரியாமல் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க ஒப்பந்தம் செப்டம்பர்ல முடியுது இல்ல?" என்றார். மிரட்டுகிற குரல் இல்லை அது. தகவல் சொல்கிற குரல்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மத்தியானம் தனியாகச் சாப்பிடுகிறேன். என்னைக் கண்டதும் மற்றவர்களுக்குக் கை கழுவப் போக வேண்டிய அவசரம் வந்துவிடுகிறது. குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் எழுந்து போயிருப்பேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நீதிமன்றம்.

இவர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். இரண்டாவது மாடி நடைக்கூடத்தில் நீளமாக ஒரு பெஞ்ச். அதன் ஒரு முனையில் தம்பி உட்கார்ந்திருந்தான். நான் இவரைப் பார்த்தேன். "நான் கூப்பிடல, தேதி மட்டும் சொன்னேன்" என்றார் இவர். தம்பி எழுந்திருக்கவில்லை. நான் உட்கார இடம் விட்டு நகர்ந்தான். அவ்வளவுதான். மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், டாக்டருக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி.

என்னைக் கூண்டில் ஏற்றியதுமே அரசு வழக்கறிஞர் எழுந்தார். நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம், சாட்சியத்தை மூடிய அறையில்தான் கேட்க வேண்டும், வெளியிடக் கூடாது என்றார். எங்கள் வழக்கறிஞர் நீண்ட நேரம் வாதாடிப் பார்த்தாள். நீதிபதி அரசு கேட்டதை ஏற்றுக்கொண்டார். நிருபர்களை வெளியே அனுப்பினார்கள். பொதுமக்களை வெளியே அனுப்பினார்கள். உள்ளே வந்து நின்றிருந்த தம்பியையும் அனுப்பினார்கள். போகும்போது அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். கதவைச் சாத்தினார்கள்.

உள்ளே என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்று இங்கேயும் எழுதப் போவதில்லை. உத்தரவு அப்படி. வெளியே யாரிடமும் சொன்னால் நீதிமன்ற அவமதிப்பு. தண்ணீர் கேட்டேன், கொடுத்தார்கள். இதைச் சொன்னால் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

சிரிப்பாக வருகிறது. இல்லை, அழுகையா. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று இத்தனை மாதம் மல்லாடி, கடைசியில் ஒரு கதவைத் திறந்தால், உள்ளே இன்னொரு மூடின அறை.

வெளியே வந்தபோது சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. நடைக்கூடம் காலியாக இருந்தது. இவர் வண்டி எடுக்கப் போயிருந்தார். தம்பி மட்டும் அதே இடத்தில்.

"சொன்னியா?"

"சொல்லக் கூடாதுன்னு உத்தரவு."

கோபப்படுவான் என்று நினைத்தேன். அதே பதில்தானே, மறுபடியும். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"காலையில உள்ள போன. இப்ப மணி மூணாகப் போகுது" என்றான். "ஒண்ணும் சொல்லாம இருக்க இவ்வளவு நேரம் ஆகாது."

பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். படிக்கட்டில் இறங்கும்போது, திரும்பிப் பார்க்காமலே, "பாத்து வா, ஈரமா இருக்கு" என்றான்.

ஆகஸ்ட் 20, புதன்

செய்தித்தாளில் நான்கு வரி. "மூடிய அறையில் சாட்சி விசாரிக்கப்பட்டார்." ஒரு பெண் என்றுகூடப் போடவில்லை என்று இவர் ஆட்சேபித்தார். விடுங்கள் என்றேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தேன். தட்டச்சுக்காரப் பெண் லிஃப்ட் வரை வந்தாள். என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள். அவளும் அந்த அறையில் இருந்தவள்தான். அவளை யாரும் கூப்பிடவில்லை.

அக்டோபர் 15, புதன்

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. வெளிநாட்டு நோயாளிகளுக்கும் டாக்டர்களுக்கும் நடுவில் பேச வேண்டும். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது. இங்கேயும் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. ஆனால் நோயாளிக்குச் சொல்லலாம்.

நவம்பர் 11, செவ்வாய்

தீர்ப்பு வரவில்லை. அதற்குள் அரசே ஓர் உத்தரவு போட்டிருக்கிறது. கூரைத் தகடுகளுக்கான கட்டணம் "நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு" விலக்கிக்கொள்ளப்படுகிறது. மிச்ச மின்சாரத்துக்கு மறுபடியும் விலை உண்டு. எரிவாயு ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது, இருபத்தைந்து வருடமும் இருக்கும். மின்நிலையத்துக்கு அடிக்கல் நாட்டிவிட்டார்கள். மின்கட்டண ஒழுங்குமுறைக் குழுவுக்குப் புதுத் தலைவர் நியமனமாம். வானொலியில் பேட்டி கொடுத்தார், மொழிபெயர்ப்போடு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் இருமல்.

வழக்கறிஞர் அழைத்தாள். வழக்கை முடித்து வைக்கச் சொல்லி அரசு கேட்கிறதாம், விதியே போய்விட்டது, இனி எதற்கு வழக்கு என்று. "ஜெயிச்சோமா தோத்தோமான்னு எனக்கே தெரியல" என்றாள். தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இருக்கிறது என்றாள்.

நவம்பர் 23, ஞாயிறு

எதிர்வீட்டு மாடியில் காலையிலிருந்து துளை போடும் சத்தம். தம்பிதான். உத்தரவு வந்த பிறகு கிடைத்த மூன்றாவது வேலை இது. ஆள் வைத்துக்கொள்ளவில்லை, தனியாகவே ஏணி தூக்குகிறான். பட்டறையைக் காலி செய்துவிட்டான், தகடுகள் மறுபடியும் சோபாவுக்குப் பக்கத்தில். பழைய வேகம் இல்லை. ஒரு திருகாணியை முடுக்கிவிட்டு நின்று தூரத்தில் எதையோ பார்க்கிறான்.

மத்தியானம் எங்கள் வீட்டுக்குக் கை கழுவ வந்தான். இவர் கடையில். நான் டீ போட்டேன். அவன் சமையலறை வாசலில் சாய்ந்து நின்றுகொண்டான். அவன் மனைவிக்குக் கால் வலி என்றான். எந்தக் கால் என்று கேட்டேன். இடது என்றான். கடையிலிருந்து தைலம் எடுத்துப் போகச் சொன்னேன்.

"அந்த எதிர்வீட்டுக்காரர் கேட்டாருக்கா" என்றான். "திடீர்னு எப்படி விதிய மாத்தினாங்க, உள்ள யாரு என்ன பண்ணாங்க, உனக்கு ஏதாவது தெரியுமான்னு."

"நீ என்ன சொன்ன?"

"தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

அடுப்பை அணைத்தேன். அவன் இரண்டு டம்ளர் எடுத்து வைத்து, எனக்கு முதலில் ஊற்றினான்.